ஓரிதழ் தாமரை: செட்டிநாட்டுப் பொட்டலில் பூக்கும் வயலட்

ஐப்பசியில் இரண்டு மழை நின்று பெய்த பிறகு, கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே சாலையை விட்டு இறங்கிச் சற்று உள்ளே நடந்து பாருங்கள். செருப்படியில் சரளை நொறுநொறுக்கும் பொட்டலில், புல்லுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி கண்ணில் படும். குனிந்தால்தான் அது பூ என்று தெரியும். சுண்டுவிரல் நகத்தளவில், கீழே தொங்கும் ஒற்றை இதழ். தாமரைப் பூவிலிருந்து ஓர் இதழைக் கிள்ளிச் சுருக்கிக் காம்பில் ஒட்டவைத்தது போல இருக்கும். ஓரிதழ் தாமரை.

இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது நாட்டு மருந்துக் கடையும் பச்சை நிறப் பொடியும்தான். செடியாக இதைப் பார்த்தவர்கள் குறைவு. இது வயலட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் நம்புகிறவர்கள் அதைவிடக் குறைவு. வயலட் என்றால் குளிர்ப் பிரதேசம், பனித்துளி, ஊதா நிறம் என்று நமக்கு ஒரு சித்திரம் பதிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் கல் சுடும் செட்டிநாட்டுச் செம்மண்ணில் அதன் பங்காளி ஒன்று தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. நாம் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறோம்.

முதலில் பெயர் விவகாரம். ஓரிதழ் என்பது கண் செய்யும் ஏமாற்று. பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இதழ்கள் ஐந்து. மேலே இருக்கும் நான்கும் புல்லிதழுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கீழிதழ் மட்டும் குறுகிய காம்பில் தொடங்கிக் கரண்டி முகம்போல விரிந்திருக்கும். தேனெடுக்க வரும் சிறு வண்டுக்கு அதுதான் திண்ணை. பூ விடாத காலத்தில் செடியை அடையாளம் காண்பது கடினம். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். அடியில் விறகாகிப் போன தண்டு. அதிலிருந்து நாலாபக்கமும் கிளைக்கும் மெல்லிய குச்சிகள். காம்பே இல்லை என்று சொல்லும்படி ஒட்டியிருக்கும் ஒடுங்கிய இலைகள். இலைக்கக்கத்தில் தனித்தனியாகப் பூ.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயர் ஓரிலைத் தாமரை. அது கேரளத்தில் மருந்தாகும் ஒரு நில ஆர்க்கிட். பெயருக்கேற்றபடி வட்டமான ஒரே ஓர் இலை தரையையொட்டி விரியும். இதழுக்கும் இலைக்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்று வயலட், மற்றது ஆர்க்கிட். மருந்துச் சீட்டில் அவசரமாக எழுதியதை அவசரமாகப் படித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாவரவியலில் இதன் பெயர் பட்ட பாடு தனிக்கதை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் கொச்சியில் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிக்கஸ் என்ற தாவர நூலிலேயே, மலையாளப் பெயரோடு இதன் படம் இருக்கிறது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வயோலா எனியாஸ்பெர்மா என்று பெயரிட்டார். அதாவது, ஐரோப்பிய வயலட்டுகளோடு ஒரே வீட்டில் சேர்த்தார். எனியா என்றால் கிரேக்கத்தில் ஒன்பது, ஸ்பெர்மா என்றால் விதை. பிறகு வந்தவர்கள் பூவின் அமைப்பு வேறு என்று சொல்லித் தனிக்குடித்தனம் வைத்தார்கள்: அயோனிடியம் என்றார்கள், பின்னர் ஹைபாந்தஸ் என்றார்கள். ஹைபாந்தஸ் என்றால் கூன் விழுந்த பூ. தலை கவிழ்ந்து நிற்கும் இந்தப் பூவுக்கு அது பொருத்தம்தான். அண்மைக் காலத்தில் மரபணு ஆராய்ச்சியை வைத்து அதையும் மாற்றியிருக்கிறார்கள். அஃப்ரோஹைபாந்தஸ் என்றும் பிகியா என்றும் புதிய ஆவணங்களில் காணலாம். குடும்பம் மட்டும் வயலட்டுகளை விட்டு நகரவில்லை. வயலேசி.

சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் மலையேற வேண்டும். பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காட்டு ஓரங்களில் அசல் வயலட்டுகள், இதய வடிவ இலைகளோடு, தரையோடு தரையாகப் பூத்திருக்கும். யுனானி மருத்துவர்கள் இருமலுக்குக் கொடுக்கும் பனஃப்ஷா, காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து வரும் நறுமண வயலட்டின் உலர்ந்த பூ. கொடைக்கானல் நர்சரியில் தொட்டியில் வைத்து விற்கும் ஆப்பிரிக்கன் வயலட்டுக்கு இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் கிடையாது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். பெயரில் வயலட் உள்ளது வயலட் அல்ல. பெயரில் தாமரை உள்ளது வயலட்.

இனி நிலத்துக்கு வருவோம். செட்டிநாடு என்றதும் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டைப் பூச்சு. 2014இல் இந்த ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்த வீடுகளுக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் கிடக்கும் வெற்றுவெளியை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த வெளி செம்புறாங்கல்லும் சரளையும் கலந்த மேட்டுநிலம். தண்ணீர் நிற்காது, ஊற்றினால் உடனே உள்ளே போய்விடும் அல்லது ஓடிக் கண்மாயில் சேர்ந்துவிடும். மழையில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு பல மாதம் காயும். மேல்மண் மெல்லியது, சத்துக் குறைந்தது.

உழவனுக்குக் கஷ்டமான இந்த மண் ஓரிதழ் தாமரைக்கு ஏற்றது. ஆணிவேரை ஆழ விட்டு, கோடையில் மேலே காய்ந்த குச்சியாக நின்று, மழை விழுந்ததும் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். நிழல் இதற்கு ஆகாது. உயரமான புல் மூடினாலும் நலிந்துவிடும். ஆடுமாடு மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருக்கும் இடத்தில், வண்டித்தடத்துக்கு இரு பக்கமும், கண்மாய்க் கரையின் வெளிச்சரிவில், ஐயனார் கோயில் பொட்டலில் இதைத் தேடினால் கிடைக்கும். வயலுக்குள் தேடிப் பயனில்லை.

அந்தப் பொட்டலுக்கு வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்று பெயர். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அதிலும் இரண்டு வகை. வரி வராத மண் வெறும் மண் என்ற அந்தப் பழைய கணக்குதான் இன்றுவரை ஓடுகிறது. வெறும் மண் என்றால் எதையாவது நட வேண்டும், இல்லையா? தைலமரத்தை நட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வரும் வழியில் வரிசை வரிசையாக நிற்கும் தைலக்காட்டுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். காலடியில் காய்ந்த இலைச் சருகைத் தவிர அதிகம் எதுவும் இருக்காது. தைலம் போகாத இடத்துக்குச் சீமைக்கருவேலம் தானாகப் போனது. அதுவும் போகாத இடத்தில் கல் நட்டு மனை பிரித்தார்கள். மனைக்காக ஜேசிபி மேல்மண்ணைச் சீவித் தள்ளும்போது விறகான அந்த அடித்தண்டும் சேர்ந்து போகிறது.

மருந்துக்குப் பறிப்பதால் மூலிகை அழிகிறது என்று எழுதுவது சுலபம். ஓரிதழ் தாமரை விஷயத்தில் அது பாதிக் கதைதான் என்பது என் எண்ணம். பறிப்பவன் பத்துச் செடியைப் பிடுங்கினால், நிலத்தை மாற்றியவன் செடி முளைக்கும் இடத்தையே பிடுங்கிவிட்டான். சாகுபடி பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தொட்டியில் வளர்த்துவிட்டால் பொட்டலை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

பயன்பாட்டில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன: வீட்டு உலகம், கடை உலகம்.

எங்கள் அப்பத்தாவுக்கு இது நீர்க்கடுப்பு மருந்து, அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் விளையாடிவிட்டு வந்து நீர் பிரியும்போது எரிகிறது என்று முனகினால், ‘போய்க் கரையிலே ஓரிதழ் ரெண்டு கிள்ளியாடா தம்பி’ என்பார். கோடையிலும் கண்மாய்க் கரையில் ஈரமுள்ள பக்கத்தில் ஒன்றிரண்டு பச்சையாக நிற்கும். யானை நெருஞ்சில் இலையோடு சேர்த்து அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்துத் தயிரில் கலக்கித் தருவார். எருமைத் தயிர்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. இதே சேர்மானம் சித்த மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. நீர்க்கடுப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. யானை நெருஞ்சிலைத் தண்ணீரில் போட்டுச் சுற்றினால் தண்ணீர் எண்ணெய்போலக் குழகுழத்துவிடும்; அந்தக் கொழகொழப்பு எரிச்சலைத் தணிக்கும் என்பது புரிகிற விஷயம். ஓரிதழ் தாமரையின் பங்கு எவ்வளவு என்று அப்பத்தாவிடம் கேட்டால், ‘ரெண்டும் சேர்ந்தாத்தாண்டா மருந்து’ என்பதற்கு மேல் பதில் வராது.

கடை உலகத்தில் கதை வேறு. காரைக்குடியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தபோது பார்த்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று உரக்கக் கேட்டு வாங்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ‘அண்ணே, அந்த ஓரிதழ்ப் பொடி நூறு’ என்றார். கடைக்காரர் அதே தாழ்ந்த குரலில், ‘பூனைக்காலி விதையும் சேர்த்துக் கட்டட்டுமா?’ என்றார். ரத்தினபுருஷ் என்று வடநாட்டிலும் தெலுங்கிலும் இதற்குப் பெயர் வந்ததே இந்த வழியில்தான். ஆண்களின் உடற்சோர்வு, விந்துக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சித்தத்தில் இதைச் சொல்லியிருப்பது உண்மை. உடலை உறுதியாக்கும் கற்ப மூலிகைகளின் வரிசையில் வைத்திருப்பதும் உண்மை. ஆனால் இன்று யூடியூபிலும் பேருந்து நிலையச் சுவரொட்டியிலும் ஓடும் விளம்பரம் மருத்துவ நூலிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. ஆண்மை பெருகும் என்றோ சர்க்கரை நோய் தீரும் என்றோ மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்திருக்கிறது. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, எழுபது வருடமாகச் சுவரொட்டியும் இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு இதைத் தின்பவர்களும் உண்டு. எலிகளுக்குச் சாறு கொடுத்துப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. எலியிலிருந்து மனிதனுக்கு வருவதற்குள் தாண்ட வேண்டிய படிகள் பல. மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் அதோடு இந்தப் பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாத காரியம்.

வேதியியலில்தான் இந்தக் குடும்பம் உண்மையில் ஆச்சரியப்படுத்துகிறது. 1960களில் காங்கோவில் செஞ்சிலுவைப் பணியில் இருந்த லோரென்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள், பிரசவம் வேகமானது. அந்தச் செடி நம் கடற்கரையில் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கப் பயன்பட்ட சாயவேரின் நெருங்கிய உறவு. அதில் கருப்பையைச் சுருக்குவது ஒரு சிறு புரதம் என்று கிரான் கண்டார். அதன் வடிவம் 1995இல்தான் முழுதாகத் தெரிந்தது: இருபத்தொன்பது அமினோ அமிலங்கள் வால் தலையைக் கவ்விய பாம்புபோல வளையமாகி, நடுவில் மூன்று கட்டுகளால் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. நுனி என்று ஒன்று இல்லாததால் செரிமானச் சாறு எங்கே கடிப்பது என்று தெரியாமல் திணறும். கொதிக்க வைத்தாலும் முடிச்சு அவிழாது. சைக்ளோடைடு என்று இந்த வகைக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு தேடியபோது அவை அதிகம் குவிந்திருந்தது வயலட் குடும்பத்தில்தான். ஆராய்ந்து பார்த்த வயலட் வகைச் செடிகளில் எல்லாம் கிடைத்தன. ஓரிதழ் தாமரையிலும் ஏராளம். அதிலிருந்து எடுத்த ஹையென் டி என்ற ஒன்று புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் ‘ஓரிதழ் தாமரை கேன்சரைக் குணமாக்கும்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். ஆய்வுக்கூடத் தட்டில் செல்லைக் கொல்வது பல பொருள்களால் முடியும். பிளீச்சிங் பவுடராலும் முடியும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கருப்பையைச் சுருக்கும் வகையைச் சேர்ந்த பொருள்கள் இந்தச் செடியில் இருக்கின்றன, கொதித்தாலும் அவை போவதில்லை. அப்படியானால் கஷாயம்தானே என்று கர்ப்பிணிகள் குடிப்பது சரியல்ல. வேரை அளவு மீறித் தின்றால் குமட்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். இதே ஹைபாந்தஸ் கூட்டத்தைச் சேர்ந்த பிரேசில் செடி ஒன்றின் வேர் வாந்தி வரவழைக்கும் மருந்தாகவே விற்கப்பட்டது.

கடையில் வாங்கும்போது பொடியாக வாங்காமல் இருப்பது நல்லது. பொடித்துவிட்டால் ஓரிதழ் தாமரையும் ஓரத்துப் புல்லும் ஒரே பச்சைதான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்த செடியாகக் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். விறகான அடி, ஒடுங்கிய இலை, கிளையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்றாகப் பிளந்த காய் ஆகியவை இருந்தால் சரி. ரோட்டோரத்தில், தொழிற்சாலைக் கழிவு ஓடும் இடத்தில் பறித்ததா என்று விசாரிப்பதும் வீண்போகாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதன் சகோதரச் செடி ஒன்று மண்ணிலிருக்கும் நிக்கலை உறிஞ்சி இலையில் குவித்து வைக்கிறது. உலகில் அந்தப் பழக்கத்துக்குப் பேர்போன செடிகளில் ஒன்று. நம் செடிக்கும் அதே குணம் என்று சொல்ல வரவில்லை. மண்ணில் இருப்பது செடிக்குள் வரும் என்பதற்குச் சொன்னேன்.

பறிக்கும் முறையில் பழைய ஆட்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. மூலிகைக்குக் காப்புக் கட்டி, கும்பிட்டு, சாபநிவர்த்தி சொல்லிப் பறிக்க வேண்டும் என்பார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: ஒவ்வொரு செடிக்கும் நூல் கட்டிக் கும்பிடுகிறவன் ஒரு நாளைக்கு ஒரு சாக்கு பறிக்க முடியாது. இப்போது கிலோக் கணக்கில் கூலி. மருந்தில் சமூலம் கேட்கிறார்கள், அதாவது வேரோடு முழுச்செடி. மழைக்குப் பின் மண் இளகியிருக்கையில் இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். பூவும் பிஞ்சுமாக இருக்கும் அதே பருவத்தில்தான் அறுவடை என்பதால் அடுத்த ஆண்டுக்கு விதையும் இல்லை, வேரும் இல்லை.

அதனால்தான் வளர்த்துப் பார்க்கலாமே என்று நான்கு வருடம் முன்பு ஆரம்பித்தேன். பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே கிடக்கும் ஒரு சின்ன மனை.

முதல் சிக்கல் விதை எடுப்பது. காய் மிளகளவில் பச்சையாகத் தொங்கும். முற்றும்போது வைக்கோல் நிறத்துக்கு மாறி, மூன்று தொன்னைகளாகப் பிளக்கும். தொன்னைகள் காயக் காய விளிம்புகள் உள்நோக்கி நெருங்க, விதைகள் ஒவ்வொன்றாகத் தெறித்துவிடும். காலையில் பார்த்து, மாலையில் பறிக்கலாம் என்று போனால் வெறும் தொன்னைதான் இருக்கும். வெள்ளைத் துணியில் சிறு பை தைத்து நிறம் மாறத் தொடங்கும் கிளையில் கட்டிவிடுவதுதான் வழி. கசகசாவைவிடச் சற்றுப் பெரிய விதை. வெளிர் மஞ்சள், மேலே நீளவாட்டில் வரிவரியாக. தாளில் பரப்பித் திண்ணையில் காயவைத்தேன். திரும்பி வந்தபோது எறும்பு வரிசை ஒன்று பாதியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. வயலட்டுகள் பலவற்றின் விதை நுனியில் எறும்புக்காகவே ஒரு கொழுப்புத் துணுக்கு இருக்கும். எறும்பு அதைத் தின்றுவிட்டு விதையைப் புற்றருகே போட்டுவிடும், அங்கே முளைக்கும். எனக்கு நஷ்டமாகத் தெரிந்தது செடிக்கு விநியோகம்.

இரண்டாவது சிக்கல் முளைப்பு. தை மாதம் எடுத்த விதையை மாசியிலேயே போட்டேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சத்தைக் காகித உறையில் மடித்து அலமாரியில் போட்டு மறந்துவிட்டேன். புரட்டாசியில் எடுத்துப் போட்டதில் விரல்விட்டு எண்ணுமளவுக்கு வந்தது. கோடையைக் கடக்காத விதை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பொட்டலில் விழும் விதைக்கும் அதுதானே வழக்கம்: தையில் தெறித்து, வெயிலைத் தின்று, முதல் மழைக்குக் காத்திருக்கும். தையில் முளைத்திருந்தால் பங்குனியில் செத்திருக்கும். அதன்பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான்: விதையைக் கோடை முழுக்க உறையில் வைத்திருந்து, புரட்டாசிக் கடைசியில் மணலோடு கலந்து மேலாகத் தூவுகிறேன். ஆழப் புதைப்பதில்லை, மெல்லிய மணல் போர்வை போதும். முளைப்பு இன்னும் சீராக இல்லை. ஒரே பாத்தியில் ஒன்று பத்தாம் நாள் வரும், இன்னொன்று கார்த்திகையில் வரும். நெல் நாற்றுபோலப் பாவிப் பிடுங்கி நடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் பயிர்.

மண்ணுக்கு அதிகம் செய்ய வேண்டியதில்லை. செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது எம்சாண்ட் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கை. முதல் வருடம் பாசத்தில் எரு அதிகமாகப் போட்டேன். செடி இலையாக வளர்ந்து சரிந்ததே தவிரப் பூ குறைவு. தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். பையில் வளர்த்தால் நாலு இலை விட்டதும் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆணிவேர் பையின் அடியில் சுருண்ட பிறகு மாற்றினால் பிழைப்பது சந்தேகம். ஒரு சாண் இடைவெளி போதும். களைதான் முக்கிய வேலை. மேலே சொன்னேன் அல்லவா, புல் மூடினால் நலிந்துவிடும். பொட்டலில் அந்த வேலையை ஆடு செய்தது, மனையில் நான் செய்கிறேன்.

அறுவடையில் எனக்கு ஒரே ஒரு விதி. பிடுங்குவதில்லை. முதல் காய்கள் தெறித்து முடிந்த பிறகு, தரைக்கு இரண்டு விரற்கடை மேலே கத்தரியால் வெட்டி, நிழலில் உலர்த்துகிறேன். அடித்தண்டு மறுபடி துளிர்க்கும். வேர் இல்லாமல் சமூலம் ஆகாது என்பார்கள், சரி. ஆனால் வீட்டு வைத்தியத்தில் பாதிக்குமேல் இலைதான் கேட்கிறது. வேர் வேண்டுமென்றால் மூன்றாம் வருடம் முதிர்ந்த செடியை எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் அது தன் பிள்ளைகளைச் சுற்றிலும் போட்டிருக்கும்.

இதை வைத்துப் பணம் பண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் செங்காந்தள், நித்தியகல்யாணி, நிலாவாரை ஆகியவை மருந்துப் பயிராக வேரூன்றியிருக்கின்றன, விதைக்கும் வாங்குவதற்கும் ஆள் இருக்கிறது. ஓரிதழ் தாமரை அந்த இடத்துக்கு வரவில்லை. செடி சின்னது, காய்ந்தால் எடை ஒன்றுமில்லாமல் போகும், காட்டிலிருந்து வருவது மலிவு. இருந்தும் எங்கள் பக்கம் ஒரு நிறுவனத்தார் வந்து, நாற்று நாங்கள் தருகிறோம், விளைச்சலை நாங்களே திருப்பி வாங்குகிறோம் என்று பேசிவிட்டுப் போனார்கள். நாற்றுக்குப் பணம் வாங்க வந்தவர்கள் விளைச்சலுக்கு வரவில்லை. தெரிந்தவர் ஒருவரின் முக்கால் ஏக்கரில் இன்று மறுபடி கடலை. வேலிக்கு உள்ளே முருங்கை வரிசைக்கு நடுவிலோ, கோயில் நந்தவனத்திலோ, பள்ளி மூலிகைத் தோட்டத்திலோ நூறு செடி என்பது நடக்கிற காரியம். ஏக்கர் கணக்குக்கு இப்போதைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பூச்சி வராது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த முடிச்சுப் புரதங்களைச் செடி உண்டாக்குவதே பூச்சிகளை விரட்டத்தான் என்கிறார்கள். போன கார்த்திகையில் ஒரு நாள் காலை பார்த்தால் எட்டுச் செடிகளில் குச்சிதான் மிச்சம். குச்சியில் செம்பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு புழுக்கள். டானி கோஸ்டர் என்னும் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். செங்காவி இறக்கை, கரும்புள்ளிகள், பின்னிறக்கை ஓரத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் கரை. சோம்பேறித்தனமாகத் தாழப் பறக்கும், பறவைக்குப் பயப்படாது, பிடித்தால் மஞ்சளாகக் கசப்பு நீர் கசியும். இதற்கு விலங்கியலார் முன்பு வைத்திருந்த பெயர் அக்ரேயா வயோலே. வயலட்டின் பூச்சி. செடிக்கு லின்னேயஸ் காலத்தில் வைத்த பெயரைச் செடி தொலைத்துவிட்டது, பூச்சி சுமந்துகொண்டிருந்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த இந்தப் பூச்சி, கடந்த நாற்பது வருடங்களில் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று ஒவ்வொன்றாகக் கடந்து 2012இல் ஆஸ்திரேலியாவின் வடகரையில் இறங்கியது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொண்டுவிற்கப் போன திசையில், அவர்கள் திரும்பி வந்த பிறகு கிளம்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதற்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை. அங்கே பூர்வீகமாக ஓரிதழ் தாமரை முளைத்துக் கிடந்தது.

புழுவைக் கொல்ல மனம் வரவில்லை. வேப்பெண்ணெய் தெளிக்கச் சொன்னார்கள், மருந்துக்கு வளர்ப்பதில் அதையும் தெளிக்கவில்லை. வெட்டிய செடிகள்போலத் தின்ற செடிகளும் மூன்று வாரத்தில் அடியிலிருந்து துளிர்த்தன. இப்போது இலையடியில் மஞ்சள் முட்டைக் கூட்டத்தைப் பார்த்தால் அந்த இலையை மட்டும் கிள்ளி, வேலியில் படர்ந்திருக்கும் சிறுபூனைக்காலிக் கொடியில் செருகி வைக்கிறேன். அதையும் அந்தப் புழு தின்னும்.